வாங்க என்று சொல்லாத முகம்

போன மாதம் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் கை நடுக்கத்தோடு ஒரு பெரியவர். அவரிடம் பேர், ஊர், மாத்திரை விவரம் எல்லாம் கேட்டு முடித்த சின்ன நர்ஸ் அடுத்து, “மனசு சந்தோசமா இருக்கா ஐயா? எதையாவது ஆசையாச் செய்யுதீங்களா?” என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அவர் வாய் திறக்கும் வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். நடுக்குவாதம் வந்தவர்களிடம் இப்போது இதையும் கட்டாயம் கேட்கிறார்களாம்.

நானும் நர்ஸாக இருந்தவள்தான், சங்கரன்கோவிலில் வேலை பார்த்தவள் என்று சொன்னேன். “உங்க காலத்துல இதெல்லாம் கேப்பீங்களா சிஸ்டர்?” என்றாள். கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பழைய நர்ஸுகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று அதற்கு முன்பே என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை, ஏசுகிற ஆள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கோமதிநாயகம் அண்ணாச்சி ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதாமல் தீராது என்று தெரிந்தது.

பயிற்சிக்காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்று திட்டு வாங்கியே வருடங்கள் ஓடின. நடுக்குவாதத்துக்குப் பாடத்தில் அரைப் பக்கம் இருந்தது. கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை குறுகும் என்று போட்டிருந்தது. மனசைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனநோய் வார்டில் எங்களைச் சில வாரம் போட்டார்கள். அங்கே இருந்த தலைமை நர்ஸம்மா கெட்டிக்காரி. “எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்கட்டி. நல்லா இருக்கேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. விடியக்காலம் முழிச்ச உடனே என்ன நெனப்பு வருதுன்னு கேளுங்க” என்பார். அந்த வார்டிலிருந்து நான் கொண்டுவந்தது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று வந்த ஒரு டாக்டர் நடத்தியது. மனிதர் அதிகம் பேச மாட்டார். நோயாளி உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். கூடையோடு வருகிற கிழவிக்கும் வாங்க போங்கதான். எங்களை அவர் ஏசியதே இல்லை. தப்பாகச் செய்தால், கையிலிருக்கிற சிரிஞ்சையோ கட்டுத்துணியையோ மெதுவாக வாங்கி, அதைத் தானே செய்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதற்கு நாலு அறை வாங்கலாம் போல இருக்கும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவருக்கு முன்னால் மட்டும் அது வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

கோமதிநாயகம் அண்ணாச்சிக்குக் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக்கடை. என் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்ததும் அங்கேதான். குடத்தை ஒரு விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, “இது வேண்டாம் தாயி, அந்த ரெண்டாவதை எடு” என்று அவரே சொல்லுவார். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிற வயல்காட்டுச் சம்சாரியானாலும், காரில் வந்து இறங்குகிற முதலாளியானாலும், வாய் நிறைய “வாங்க, வாங்க” என்பார். அந்த வாங்கவுக்காகவே கடைக்கு வந்தவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனார். கடைக்கு யாராவது வந்தால் வெறுமனே பார்ப்பார். சிரிப்பு கிடையாது. கண் கூட இமைக்காது. குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். மகள் கல்யாணக் கவலை என்று சிலர் சொன்னார்கள். நாலு காசு சேர்ந்ததும் மனிதருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பலர் சொன்னார்கள். தலைக்கனம் என்று சொல்லத்தான் ஊருக்கு எப்போதும் பிடிக்கும்.

மகள் செண்பகத்தை ராயகிரியில் கொடுத்தார்கள். நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா வேலுச்சாமி நல்ல மனிதர், ஆனால் மரியாதை ஒரு நூல் குறைந்தாலும் தாங்க மாட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுச் சாப்பாடு கூட அடுத்த விஷயம்தான். வாசலில் வீட்டுக்காரர் நம் முகத்தைப் பார்த்து “வாங்க” என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் போச்சு. பேரன் பேத்தி எடுத்த பிறகும், “உங்க வீட்டு விசேசத்துக்கு வந்தப்ப என்னைய வான்னு கேக்கலையே” என்று சொல்லிக் காட்டுவார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வேலுச்சாமி முன்னால் வந்து நின்று கும்பிட்டார். அண்ணாச்சி அவரையே பார்த்தார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. உதடு லேசாகப் பிரிந்தது போல இருந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

“பாத்தியளா? பொண்ணைக் குடுக்கவரு நிக்க நிலையைப் பாருங்க. வான்னு ஒரு வார்த்தை வரலை” என்றார் வேலுச்சாமி.

அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தார். “வாங்கண்ணே, வாங்க. அவுக ராத்திரி பூரா தூங்கலை. அதான் அப்படி நிக்காக.”

“தூங்கலைன்னா மூஞ்சியும் செத்துப்போகுமாக்கும்?” என்றார் அவர்.

தாலி கட்டு நடந்தது. ஆனால் சம்பந்தி அந்த மண்டபத்தில் கை நனைக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைதீபாவளிக்குச் செண்பகத்தை அனுப்பவில்லை. பொங்கலுக்கும் அனுப்பவில்லை. “அவரு எங்க வாசல்ல வந்து வாய் திறந்து கூப்பிடட்டும். பெறவு பாப்போம்” என்று ராயகிரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரே மகள். அண்ணாச்சி பஸ் ஏறிப் போனார். அங்கே போன இடத்தில் நடந்ததுதான் கொடுமை. “உள்ள வாங்க” என்று சம்பந்தி வேண்டா வெறுப்பாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்கு வாசல்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே வைக்க முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பேச வாயைத் திறந்தால் வெறும் காற்று. படியேற மனசில்லாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று அந்த வீட்டில் எல்லாருமே நினைத்தார்கள். செண்பகம் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாளாம்.

திரும்பி வந்து சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குப்புற விழுந்தார். நெற்றி கிழிந்து ரத்தத்தோடு எங்களிடம் தூக்கி வந்தார்கள். நான் காயத்தைக் கழுவினேன். மரத்துப்போக ஊசி போடும்போதும் அவர் முகம் சுளிக்கவில்லை. தாங்கிக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் தையலைப் போட்டு முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணாச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த வலது கையில் கட்டைவிரல் ஆட்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது, எதையோ உருட்டுகிற மாதிரி. “அந்தத் தம்ளரை எடுங்க” என்றார் டாக்டர். கை தம்ளரை நோக்கிப் போனதும் நடுக்கம் நின்றது. மடிக்குத் திரும்பியதும் மறுபடி ஆட ஆரம்பித்தது.

பிறகு முழங்கையைப் பிடித்து மெதுவாக மடக்கினார், நீட்டினார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கை வழுக்கிக்கொண்டு வரவில்லை, பல்சக்கரம் சுற்றுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவே விரலால் தட்டினார். நமக்கெல்லாம் நாலைந்து தட்டில் கண் சிமிட்டுவது நின்றுவிடும். அவருக்கு நிற்கவே இல்லை. பேரை எழுதச் சொன்னார். கோ பெரிதாக ஆரம்பித்து, கடைசி எழுத்து கடுகாகிவிட்டது. என்னைப் பின்னால் தாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தோளை லேசாகப் பின்னுக்கு இழுத்தார். அண்ணாச்சி கால் எடுத்து வைக்காமல் அப்படியே என் மேல் சாய்ந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, “ராயகிரிக்கு ஆள் அனுப்புங்க. சம்பந்தி வரணும். வந்தாத்தான் எனக்கு வைத்தியம் பாக்க முடியும்னு சொல்லுங்க” என்றார் டாக்டர்.

வேலுச்சாமி மறுநாள் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் அவரை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையை எடுத்து அண்ணாச்சியின் கையில் வைத்து மடக்கிப் பார்க்கச் சொன்னார். “இவரு உங்களை மதிக்காம நிக்கலை. முகத்துல சதை அசையாது, தொண்டையில குரல் எழும்பாது, வாசல்படி வந்தா கால் ஒட்டிக்கும். மூணும் ஒரே வியாதி, நடுக்குவாதம். இனிமே இவரு முகத்தைப் பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க” என்றார்.

வேலுச்சாமி, “நான் ஒரு மடப்பய, சம்பந்தி. வியாதிக்காரரைப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டேனே” என்று அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். செண்பகம் அன்றைக்கே அப்பா வீட்டுக்கு வந்தாள். அண்ணாச்சி முகத்தில் ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாரும்தான் அவருக்கும் சேர்த்துச் சிரித்தோம்.

புது மாத்திரை ஆரம்பித்தோம். அதைக் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. சாப்பாட்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், பருப்பு, மீன், கறியோடு சேர்ந்து போனால் வேலை செய்யாது. வயிற்றைப் புரட்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் கோலப்பொடியால் குறுக்குக் கோடுகள் போடச் சொன்னார் டாக்டர். கோட்டைப் பார்த்தால் ஒட்டிய கால் தாண்டிவிடும். அண்ணாச்சி ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்தார். மறுபடி கடையில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்ன வார்த்தை ஊர் பூராவும் பரவியது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்காதே, அது வியாதி முகம். கடைக்கு வந்தவர்கள் யாரும் இப்போது முகம் கோணவில்லை. அதே மாதிரி, அவரிடம் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை. அவருக்குப் பசிக்கிறதா, வலிக்கிறதா, கோபமா, வருத்தமா என்று முகத்தில் தேடுவதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். முன்பு தலைக்கனம் பிடித்தவராக இருந்தவர், இப்போது கடைப்பெஞ்சு மாதிரி ஆகிவிட்டார்.

அடுத்த வருடம் செண்பகத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. பழைய தப்புக்கு ஈடுகட்டுகிற மாதிரி வேலுச்சாமி அடிக்கடி மருமகளையும் பேரனையும் சங்கரன்கோவிலுக்கு அனுப்பி வைத்தார். அவள் வந்து இறங்கியதும் முதல் காரியமாகக் குழந்தையை அப்பா மடியில் கிடத்துவாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரஷர் பார்க்க வரும் அண்ணாச்சி மெலிந்துகொண்டே போனார். ஊசியும் பஞ்சும் வைக்கிற கிட்னி டிரேயைக் கண்டால் ஒரு சுண்டு சுண்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அதையும் விட்டுவிட்டார். “நாலு உருண்டைச் சோறு உள்ள போறதே பெரும்பாடா இருக்கு சிஸ்டர். கூப்பிட்டாலும் பதில் இல்லை. டாக்டர்தான் சொன்னாருல்லா, அப்படித்தான் இருப்பாருன்னு. நாங்களும் அதைப் பெருசா எடுத்துக்கிடலை” என்றார் ஆவுடையம்மாள். அந்த அம்மாவை மருந்து வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, விடியக்காலம் முழிப்பு வந்த உடனே என்ன நெனப்பு வரும்?”

காத்திருந்தேன். நான் அவர் வாய்ப்பக்கம் காதைக் கொண்டுபோனேன்.

“பிள்ளை நெனப்புதான்” என்றார்.

“பேரனா? நல்ல நெனப்புதானே.”

“மடியில கிடந்து என்னையப் பாத்துச் சிரிச்சான், சிஸ்டர். நானும் சிரிக்கேன். உள்ளுக்குள்ள சிரிக்கேன். முகத்துல வர மாட்டேங்கு. மறுபடியும் சிரிச்சுப் பாத்தான். பெறவு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். இப்ப என் மடியில போட்டாலே அழுவுதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “சம்பந்திக்கு டாக்டர் சொல்லிட்டாரு. ஊருக்குச் சொல்லிட்டாரு. அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்லுவா?”

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“முழிக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுது” என்றார். “செண்பகத்துக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா பிள்ளையைக் கொண்டுவர மாட்டா.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முகம் மட்டும் இருந்தபடியே இருந்தது. சுவரில் மழைத்தண்ணீர் வடிகிற மாதிரி அது பாட்டுக்கு வடிந்தது. எத்தனையோ சாவைப் பார்த்தவள் நான். அன்றைக்கு அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “முகத்தைப் பாக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். வேற எதைப் பாக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றார். வேறு யாரையும் அவர் குறை சொல்லவில்லை.

அண்ணாச்சியிடம் போனார். வழக்கம்போல எதிரே உட்காராமல் பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “இந்த வியாதி கையோட நிக்காது, அண்ணாச்சி. மனசையும் பிடிச்சு அமுக்கும். கஷ்டம் இருந்தாலும் அமுக்கும், இல்லாட்டியும் அமுக்கும். உங்க மனசு பலவீனம்னு நினைச்சுக்கிடாதீங்க. கைக்கு மாத்திரை தாரேன்லா, அது மாதிரி இதுக்கும் உண்டு” என்றார். ஆவுடையம்மாளிடம் குழந்தை விஷயத்தைச் சொல்லவில்லை. மனச்சோர்வு இருக்கிறது, இவரைக் கொஞ்ச நாள் தனியாக விடாதீர்கள், வாய் விட்டுக் கேளுங்கள், பதில் வரும் வரை காத்திருங்கள் என்று மட்டும் சொன்னார். இரவில் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அது குணம் காட்டச் சில வாரம் ஆகும். அதுவரை பிதற்றல் வருகிறதா, நீர் பிரிகிறதா, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெல்ல மெல்லத் தேறினார். முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் சாப்பாடு. ஒருநாள் நான் பிரஷர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கிட்னி டிரேயில் டங் என்று ஒரு சத்தம். “மட்ட சரக்கு. யாரு கடையில எடுத்தீங்க?” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த தடவை வந்தபோது அவரே என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். செண்பகம் பால் காய்ச்சப் போகும்போது குழந்தையின் கிலுகிலுப்பையைச் சும்மா இவர் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கை ஆட ஆட அது கலகலவென்று சத்தம் போட்டிருக்கிறது. அழுதுகொண்டிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தானாம்.

“தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடிச்சிட்டுச் சிரிச்சான் சிஸ்டர். நான் ஒண்ணுமே செய்யலை. கை அது பாட்டுக்கு ஆட்டுது. அவன் அது பாட்டுக்குச் சிரிக்கான்” என்றார். அந்த மனிதர் மூச்சு விடாமல் இவ்வளவு பேசி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கூட அன்றைக்குச் சிரித்தார்.

எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் அவரை நன்றாகச் சோதித்துப் பார்த்தார். மனசு தெளிந்திருக்கிறது, உடம்பில் சதை பிடித்திருக்கிறது, கை நடுக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது என்று மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். “கை நின்னுட்டா நல்லதுதானே, அண்ணாச்சி?” என்று கேட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அடுத்த வாரம் வந்தபோது மடியில் கை அசையாமல் கிடந்தது. இப்படி ஒரு நல்ல குணத்தை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

தபசுக்குக் கொடியேறியது. ஊர் முழுக்கக் கூட்டம். திருவிழா முடியும் வரை செண்பகம் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று ராயகிரியில் சந்தோஷமாக அனுப்பி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. கூட்டத்தில் மயங்கியவர்கள், வயிற்றுப்போக்கு, காலில் முள் என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

தபசு முடிந்த மறுநாள் காலையில் அண்ணாச்சியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. நெருப்பாகக் காய்ச்சல். வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது. கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

“மாத்திரை நின்னு போச்சா?” என்றார் டாக்டர்.

“ஒரு வேளை கூடத் தவறலை, டாக்டர். நான்தான் கையில குடுத்துத் தண்ணியும் குடுக்கேன்” என்றார் ஆவுடையம்மாள். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மாத்திரையைப் பொடித்துக் கரைத்து உள்ளே அனுப்பினோம். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தோம். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டிருந்தது. மத்தியானம் நான் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “மாத்திரை போட்டா... கை நின்னு போகுது. கிலுக்கு சத்தம் போட மாட்டேங்கு. பிள்ளை திரும்பிப் பாக்க மாட்டேங்கான்.”

“அதனால?”

“கடைவாயில ஒதுக்கிக்கிடுவேன். வெத்திலையோட துப்பிருவேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியவில்லை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். “ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“கொடியேறினதுல இருந்து அவன் என் மடியை விட்டு இறங்கலை” என்றார். “இப்படி ஒரு திருவிழா எனக்கு வாய்ச்சதில்லை, சிஸ்டர்.”

துப்பினதை மட்டும் டாக்டரிடம் அப்போதே சொன்னேன், ஏன் என்று சொல்ல மனசு வரவில்லை. சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். எதுவும் பலிக்கவில்லை. ஒரு மத்தியானம், செண்பகம் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு அடங்கியது.

ஆவுடையம்மாள் வெற்றிலை துப்புகிற படிக்கத்தில் கரையாத மாத்திரைகளைப் பார்த்துவிட்டிருந்தார். “இருக்க மனசில்லாமத்தான் துப்பியிருக்காக. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மனச்சோர்வு தீரவில்லை, நாம்தான் தீர்ந்துவிட்டது என்று ஏமாந்துவிட்டோம் என்று டாக்டரும் நினைத்தார். அவர் அறைக்குப் போய் அண்ணாச்சி என் காதில் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றார்.

மனசு செத்தவர் மாத்திரையை விடுவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், பின்பும் பார்த்திருக்கிறேன். இவர் மனசு பிழைத்துவிட்டது. பிழைத்த மனசு ஒன்றுக்கு ஆசைப்பட்டது. அந்த ஆசை அவரைக் கொண்டுபோய்விட்டது. எந்தப் பாடத்தில் இதைச் சேர்ப்பது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு செண்பகம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பின்வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றோம்.

“சிஸ்டர், எங்க அப்பா வாழ்க்கையை வெறுத்துத்தான் மாத்திரையைத் துப்பினாரா? அம்மா அப்படித்தான் சொல்லி அழுதா. உங்ககிட்ட கடைசியில ஏதோ பேசினாருன்னு சொன்னாங்க. எனக்கு நிசம் தெரியணும்.”

எதைச் சொன்னாலும் அவளுக்கு வலிக்கத்தான் போகிறது. வெறுத்துப் போனார் என்று சொன்னால் அது பொய். பொய்யை அவள் ஆயுசு பூராவும் சுமக்க வேண்டும்.

“வெறுத்து இல்ல, தாயி. கை ஆடினாத்தான் உன் பிள்ளை சிரிக்கான்னு விட்டுட்டாரு. செத்துப்போவோம்னு அவரு நினைக்கலை. பிள்ளை மடியில இருந்தா போதும்னு மட்டும்தான் நினைச்சாரு.”

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“அப்போ திருவிழாப் பூரா அப்பா சந்தோசமா இருந்தாரா?”

“இருந்தாரு. இப்படி ஒரு திருவிழா எனக்கு வாய்ச்சதில்லைன்னு அவரு வாயாலயே சொன்னாரு.”

“நான் அவரு பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், சிஸ்டர்” என்றாள் செண்பகம். “எனக்குத் தெரியலையே.”